எழுந்து போனவர்களின் நாற்காலிகள்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் விற்பனைக்கு நிற்கும் நாற்காலிகளில் பிரெஞ்சு அகதிகளின் கை இருக்கிறது. செதுக்கிய ஆசாரியின் பெயர்தான் இல்லை.

பரதேசி யூத ஆலயத்தில் போய் முட்டி நிற்கும் மட்டாஞ்சேரி யூதத் தெருவை நடந்து கடக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் பத்து நிமிடத்தில் கடந்தவர்கள் குறைவு. ஒரு காலத்தில் மிளகும் சுக்கும் ஏலமும் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்த கிடங்குகளின் வாசலில் இப்போது நாற்காலிகள் வந்து நிற்கின்றன. உள்ளே நுழைந்தால் ஓட்டுக் கூரையைத் தொடும் உயரத்துக்குச் சாமான்கள்: செட்டிநாட்டுத் தூண், தேவாலயத்து மரத் தேவதை, பித்தளைப் பூண் போட்ட பலாமரப் பெட்டி, ஊருக்கே பாயசம் காய்ச்சக்கூடிய வார்ப்பு. ஒரு கிடங்குக்குள் முழு நீள வள்ளமே கிடக்கிறது. இத்தனைக்கும் நடுவில் சுக்கு வாசனை மட்டும் இன்னும் முழுதாக வெளியேறிவிடவில்லை.

இந்தக் குவியலில் ஒரு வகை நாற்காலி தனியாகத் தெரியும். கருஞ்சிவப்பு ஈட்டி மரம். வளைவில்லாத முன்னங்கால்கள், மேலே பருத்து, கீழே இறங்க இறங்கச் சிறுத்து, நெடுக வரி வரியாகக் குழித்திருக்கும். முதுகு நீள்வட்டமாகவோ கேடயம் போலவோ இருக்கும். அதன் நடுவே ஒரு ஜாடி, ஜாடியிலிருந்து இருபுறமும் தொங்கும் மாலை. உட்காரும் இடத்தில் பிரம்புப் பின்னல். விலை விசாரித்தால் 'டச்சு' என்பார் கடைக்காரர். கொஞ்சம் மெலிந்த நாற்காலியாக இருந்தால் 'பிரெஞ்சு' என்பார். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அவர் நினைக்கிற விதத்தில் அல்ல.

தரையிலும் பலகையிலும் திண்ணையிலும் ஊஞ்சலிலும் உட்கார்ந்து பழகிய நாடு இது. முதுகு சாயும் ஆசனம் அரசனுக்கும் ஆண்டவனுக்கும்தான். வீட்டுக்கு வீடு நாற்காலி என்பது கப்பலில் வந்த பழக்கம் என்பதற்கு நம் வாயில் இருக்கும் சொற்களே சாட்சி. மேசை, அலமாரி, ஜன்னல், சாவி எல்லாம் போர்த்துக்கீசியச் சொற்கள். இலங்கைத் தமிழர் சொல்லும் 'கதிரை'யும் அந்த மொழியிலிருந்தே வந்தது. தமிழ்நாட்டுத் தமிழன் மட்டும் பொருளைக் கண்ணால் பார்த்துக் கால்களை எண்ணிப் பெயர் வைத்துவிட்டான்.

போர்த்துக்கீசியர்களுக்குப் பிறகு கொச்சிக்கு வந்தவர்கள் டச்சுக்காரர்கள். 1663 ஜனவரியில் கோட்டையைப் பிடித்தார்கள். போர்த்துக்கீசியர் 1555ல் கட்டி ராஜாவுக்குக் கொடுத்த அரண்மனையைப் பழுது பார்த்ததால் அதற்கு 'டச்சு அரண்மனை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஊரில் பெயர் வாங்குவதற்குக் கட்ட வேண்டிய அவசியமில்லை, பழுது பார்த்தால் போதும் என்பதற்கு இது பழைய உதாரணம். அரண்மனையை ஒட்டி, ராஜா கொடுத்த நிலத்தில், 1568ல் எழுந்ததுதான் பரதேசி யூத ஆலயம். தமிழில் 'பரதேசி' என்பது வசவாகிவிட்டது. இங்கே அதற்கு அயல்தேசத்தவர் என்ற நேரான பொருள்தான். ஸ்பெயினிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் துரத்தப்பட்டு வந்தவர்கள் இந்த யூதர்கள். போர்த்துக்கீசியர் 1662ல் சேதப்படுத்திய ஆலயத்தை டச்சு ஆட்சியில் மீண்டும் எழுப்பிக்கொண்டார்கள்.

தெருவில் நிற்கும் நாற்காலிகளும் ஒருவகையில் பரதேசிகளே. அவற்றின் கதை கொச்சியில் தொடங்கவில்லை. அது பிரான்சில், இன்னொரு துரத்தலில் தொடங்குகிறது.

1685ல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டு மதத்தவருக்கு இருந்த வழிபாட்டுச் சலுகையை ரத்து செய்தார். யூகனாட் எனப்படும் பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகள் லட்சக்கணக்கில் நாட்டைவிட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் நெசவாளர், வெள்ளி வேலைக்காரர், கடிகாரம் செய்பவர், மரச் சிற்பி என்று தொழில் தெரிந்தவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவர் டேனியல் மாரோ. ஹாலந்துக்கு வந்து சேர்ந்தபோது வயது இருபத்துநான்கு. மூன்றாம் வில்லியமின் ஹெட் லூ அரண்மனைக்கு உள் அலங்காரம் வரைந்தார். வெர்சாய் அரண்மனையின் ஆடம்பரத்தை டச்சு வீடுகளுக்கு ஏற்ற அளவுக்குச் சுருக்கிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இவர். உயர்ந்து ஒடுங்கிய முதுகும், துளைத்துச் செதுக்கிய இலைக்கொடியும் கொண்ட நாற்காலிக்கு ஐரோப்பாவில் இன்றும் இவர் பெயரைச் சொல்கிறார்கள். அவர் வரைந்தவை அச்சாகி ஊர் ஊராகப் போயின. 1752 வரை வாழ்ந்தவர் என்பதால் தம் பாணி உலகம் சுற்றுவதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்.

பாணி பயணம் போவதற்கு டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இருந்தன. பட்டாவியா, கொழும்பு, காலி, நாகப்பட்டினம், கொச்சி என்று கம்பெனிக் கொடி பறந்த துறைமுகங்களில் எல்லாம் அதிகாரிகளுக்கு வீடு தேவைப்பட்டது; வீட்டுக்கு நாற்காலி தேவைப்பட்டது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி வருவது கட்டுப்படியாகாது. ஒரு நாற்காலி வந்தால் போதும், அதைப் பார்த்து இங்கேயே பத்து செய்துகொள்ளலாம். இங்கே மரம் இருந்தது, ஆசாரியும் இருந்தான். கொழும்பு புறக்கோட்டைப் பகுதியில் டச்சு அருங்காட்சியகத்தில் பார்க்கக் கிடைக்கும் ஆறு கால் வட்ட நாற்காலிகளின் உறவுக்காரர்கள் மட்டாஞ்சேரியிலும் தலைகாட்டுவது இப்படித்தான்.

இதே ஆண்டுகளில் இன்னொரு போக்குவரத்தும் நடந்தது. 1686ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசஸ் பெரேரா டி பைவா என்ற யூத வணிகர் கொச்சிக்கு வந்து, இங்குள்ள யூதர்களைப் பற்றி விவரமாக எழுதி அச்சிட்டார். பாரிஸ் அகதி ஆம்ஸ்டர்டாம் தேசத்துக்கு வருகிறார். ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்த குடியில் பிறந்தவர் மட்டாஞ்சேரிக்கு வருகிறார். ஓடியவர்களின் உலகம் சிறியது.

ஆனால் ஜாடியும் தொங்கும் மாலையும் கொண்ட நாற்காலி மாரோவுடையது அல்ல. அது அவருக்கு அடுத்த அலை. 1738ல் ஹெர்குலேனியத்திலும் 1748ல் பாம்பெய்யிலும் எரிமலைச் சாம்பலைத் தோண்டத் தொடங்கியதும் ஐரோப்பாவுக்குப் பழைய ரோம், கிரேக்கம் மீது மோகம் பிடித்தது. வளைந்து நெளிந்த கால்கள் நேராயின. தூண், ஜாடி, மாலை, இலைவளையம் எல்லாம் மரத்தில் ஏறின. நியோகிளாசிகல் எனப்படும் புதுச்செவ்வியல் பாணி இதுதான். லண்டனில் ராபர்ட் ஆடம் இதைப் பரப்பினார். பாரிசில் ஜார்ஜ் ஜேக்கப் அரசி மேரி அந்துவானெத்துக்கே நாற்காலி செய்து கொடுத்தார்.

1780களில் இங்கிலாந்து இளவரசர் தம் கார்ல்டன் மாளிகையை அலங்கரிக்கப் பிரெஞ்சுக் கைவினைஞர்களையும் பிரெஞ்சு வணிகர்களையும் அமர்த்தினார். பிறகு புரட்சி வெடித்தது. வாடிக்கையாளர்களின் தலைகளே உருண்டபோது நாற்காலிக்கு யார் ஆர்டர் கொடுப்பது? தொழிலாளிகள் கடல் கடந்தார்கள். ஷார்ல் ஒனோரே லானுயே என்பவர் 1803ல் நியூயார்க் போய்ச் சேர்ந்து, அங்குள்ள பணக்காரர்களைப் பிரெஞ்சு நாற்காலியில் உட்கார வைத்தார். லண்டனில் கார்ல்டன் மாளிகையின் அறைகளைத் தாமஸ் ஷெரட்டன் தம் மாதிரிப் படப் புத்தகத்தில் வரைந்து வெளியிட்டார். அதற்குச் சற்று முன்னால், 1788ல், ஜார்ஜ் ஹெப்பிள்வைட் இறந்த பிறகு அவர் மனைவி அலீஸ் வெளியிட்ட புத்தகத்தில்தான் அந்தக் கேடய முதுகு பிரபலமாயிற்று.

ஷெரட்டன் புத்தகம் பகுதி பகுதியாக வந்தது 1791 முதல் 1794 வரை. ஆங்கிலேயர் கொச்சியைப் பிடித்தது 1795 அக்டோபரில். புதிய எஜமானர்கள் புதிய ருசியோடு வந்தார்கள். டச்சுக்காரனுக்கு வளைந்த கால் செதுக்கிக் கொடுத்த ஊர் இப்போது நேர்க் கால் செதுக்கப் பழகிக்கொண்டது.

பிரெஞ்சுக் கைவினைஞர்களை நேராகவே அழைத்து வந்த மன்னர் தென்னிந்தியாவில் ஒருவர் உண்டு. திப்பு சுல்தானின் தூதர்கள் 1788 ஆகஸ்டில் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்துப் பல தொழில் தெரிந்தவர்களைக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு ஒரு குழு மைசூர் நாட்டுக்கு வந்தும் சேர்ந்தது. கொச்சிக்கு அப்படி அழைப்பு எதுவும் தேவைப்படவில்லை. பிரெஞ்சுக் கை இங்கே டச்சு வழியாக ஒரு முறையும், ஆங்கிலம் வழியாக ஒரு முறையும், படமாகவும் மாதிரியாகவும் வந்தது.

மாதிரியைப் பார்த்துச் செய்த ஆசாரி அப்படியே நகல் எடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. லண்டனில் இந்த அலங்காரங்களில் பாதி, மெல்லிய மரத் தகடுகளை வெட்டிப் பசையால் ஒட்டியோ வண்ணம் தீட்டியோ செய்தவை. கொச்சியின் மழைக்காலம் அந்தப் பசையை ஒரே ஆடியில் கரைத்து, தகட்டை அப்பளமாகச் சுருட்டிவிடும். எனவே ஒட்ட வேண்டியதை எல்லாம் ஆசாரி முழு மரத்தில் செதுக்கினார். பசையை நம்பாமல் துளையில் நாக்கைச் செருகி மரமுளை அடித்தார். ஈட்டியும் தேக்கும் உறுதியானவை, கரையானுக்கு எளிதில் மசியாதவை. ஆனால் பாரம் அதிகம். பாரத்துக்கு ஏற்பக் கால்கள் கொஞ்சம் பருத்தன. லண்டன் நாற்காலி ஒல்லியான துரை என்றால் கொச்சி நாற்காலி சாப்பாட்டுக்குக் குறைவில்லாத காரணவர்.

மெத்தை இருக்கை இந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். அங்கே பிரம்பு வந்தது. இதில் ஒரு வேடிக்கை. பிரம்பு இருக்கை ஐரோப்பிய நாகரிகம் என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனிகளின் கப்பல் வழியாக 17ஆம் நூற்றாண்டில் ஆசியாவிலிருந்துதான் அது ஐரோப்பாவுக்கே போனது. நம் ஆசாரிகள் இன்றும் 'பிரெஞ்சு பாலிஷ்' என்று சொல்லும் மெருகும் அப்படியே. அதன் மூலப்பொருள் அரக்கு, இந்தியக் காடுகளில் பூச்சி கொடுப்பது. அரக்கு நம்முடையது, பெயர் பிரான்சுடையது.

செதுக்கலைக் கிட்டே போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கிரேக்க ஜாடி என்று புத்தகம் சொல்வது பல நாற்காலிகளில் பூர்ணகும்பம் போலவே வயிறு பருத்து நிற்கிறது. அகாந்தஸ் இலை, கோயில் உத்தரத்தில் ஓடும் கொடிக்கருக்காகச் சுருள்கிறது. ரோமாபுரி மாலை வாசல் தோரணமாகத் தொங்குகிறது. தேரும் கோயில் கதவும் செய்து வந்த மரபின் உளிக்கு வேறு எப்படி ஓடத் தெரியும்? இந்த நாற்காலிகளின் அழகு இந்தப் பிசகில்தான் இருக்கிறது. அச்சு அசலாக ஷெரட்டன் வேண்டும் என்பவர் லண்டனுக்கே போகலாம்.

பாரிசில் நாற்காலியைக் கவிழ்த்தால் பெயர் இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து அங்குள்ள தொழிற்சங்க விதிப்படி ஒவ்வொரு மேஸ்திரியும் தம் பெயரை மரத்தில் முத்திரையாக அடிக்க வேண்டும். ஜார்ஜ் ஜேக்கப் அடித்தார். நியூயார்க் போன லானுயே ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலுமாக அச்சிட்ட சீட்டையே ஒட்டினார். மட்டாஞ்சேரி நாற்காலியைக் கவிழ்த்தால் மரம் இருக்கும், மரமுளை இருக்கும், அதிகம் போனால் எந்தச் சட்டம் எந்தக் காலோடு சேரும் என்று காட்ட உளியால் கீறிய கோடுகள் இருக்கும். மகனின் திறமை பொறுக்காமல் உளியை நழுவவிட்டவன் என்று பெருந்தச்சனைக் கதையாகச் சொல்லி நூற்றாண்டுகளாக நினைவு வைத்திருக்கும் நாடு, நாற்காலி செய்த தச்சன் ஒருவன் பெயரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

பெயர் இல்லாத இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம். இங்கிலாந்தில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போல் தம் ஸ்ட்ராபெரி ஹில் மாளிகைக்குக் கருங்காலி நாற்காலிகள் வாங்கிப் போட்டார். அவை டியூடர் மன்னர்கள் காலத்து ஆங்கில வேலை என்று அவர் நம்பினார். அவரைப் பார்த்து ஊரே நம்பியது. உண்மையில் அவை சோழமண்டலக் கரையில், 17ஆம் நூற்றாண்டில், நம் தச்சர்கள் செய்தவை. ஆங்கிலேயர் தம் பழம்பெருமை என்று உட்கார்ந்திருந்தது வங்கக் கடலோரத்து ஆசாரியின் மடியில். அமீன் ஜாஃபர் 2001ல் வெளியிட்ட, பிரிட்டிஷ் இந்தியா மற்றும் இலங்கை மரச்சாமான்கள் பற்றிய பெரும் நூல் போன்றவை வந்த பிறகுதான் இந்தச் சொத்தின் பட்டா மெல்லப் பெயர் மாறி வருகிறது. யூதத் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. 'டச்சு' என்றால் ஒரு விலை, 'ஆசாரி' என்றால் வேறு விலை.

இத்தனை நாற்காலிகள் தெருவுக்கு வந்தது எப்படி? ஒவ்வொன்றும் யாரோ எழுந்து போனதால் காலியானது. 1948ல் இஸ்ரேல் பிறந்தது. 1950களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் புறப்பட்டுவிட்டார்கள். பரதேசி யூதர்கள் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் போனார்கள். ஆலயத்தின் 400வது ஆண்டு விழாவுக்கு 1968ல் பிரதமர் இந்திரா காந்தி வந்தபோது தெருவில் இன்னும் குடும்பங்கள் இருந்தன. சன்னலோரம் உட்கார்ந்து பூத்தையல் போட்டு விற்றுக்கொண்டிருந்த சாரா கோஹன் 2019 ஆகஸ்டில் 96 வயதில் இறந்தார். தெருவின் பெயரில்தான் இன்று யூதம் மிச்சம். கோடாலி வைத்துப் பிளந்தாலும் பிளக்காத ஈட்டி மர அலமாரியையும் கட்டிலையும் கப்பலேற்றுவது லேசான காரியமா? பல சாமான்கள் தங்கிவிட்டன.

அடுத்தது தறவாடுகள். 1970 ஜனவரி முதல் நாளில் அமலுக்கு வந்த நிலச்சீர்திருத்தம் குத்தகை வருமானத்தை நிறுத்தியது. 1975ல் நிறைவேறிய சட்டம் கூட்டுக்குடும்ப முறையையே கலைத்தது. நாலுகெட்டு வீட்டைப் பத்துப் பங்காளிகள் பிரிக்கும்போது நிலத்தைக் கூறு போடலாம். நாற்காலியைக் கூறு போட முடியுமா? விற்றுப் பணமாக்கிப் பிரித்தார்கள். மட்டாஞ்சேரிக் கிடங்குகள் அதற்காகவே வாயைத் திறந்து வைத்திருந்தன.

மூன்றாவது, தமிழர்களுக்குத் தெரிந்த கதை. 1942ல் ஜப்பானியர் பர்மாவில் நுழைந்ததும் செட்டிநாட்டின் பெருஞ்செல்வம் கையைவிட்டுப் போயிற்று. பர்மாத் தேக்கில் இழைத்த மாளிகைகளைக் கட்டிக் காக்க முடியாத வாரிசுகள் தூணையும் கதவையும் நாற்காலியையும் ஒவ்வொன்றாகக் கொடுத்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஏறும் சரக்கில் ஒரு பங்கு மலை தாண்டிக் கொச்சிக்கு வருகிறது. மலை தாண்டியதும் அதன் பூர்வீகமும் மாறிவிடுகிறது. ஆச்சி சாய்ந்திருந்த நாற்காலி இங்கே டச்சு கவர்னருடையதாகப் பதவி உயர்வு பெறுகிறது.

இன்னொரு பூர்வீகமும் உண்டு: போன மாதம். பழைய வீட்டு உத்தரத்தை அறுத்துப் புது நாற்காலி செய்து, தேயிலைத் தண்ணீரும் புகையும் காட்டினால் இருநூறு வயது ஏறிவிடும். ஏமாறாமல் இருக்க விரும்புகிறவர் முதுகுச் சித்திரத்தைப் பார்ப்பதை விட்டு நாற்காலியைத் தலைகீழாகப் பார்க்க வேண்டும். பழைய வேலையில் அடிப்பக்கம் வாய்ச்சியும் கைரம்பமும் பட்ட தடம் மேடு பள்ளமாகத் தெரியும். இயந்திர ரம்பத்தின் தடம் சீப்பால் வாரியது போல் ஒரே சீராக இருக்கும். உருட்டிய கால்களில் விரலை ஓட்டினால் பழையது சரியான வட்டமாக இருக்காது. மரம் வயதாகும்போது ஒரு பக்கமாகவே அதிகம் சுருங்கும். கை படும் இடம் தேய்ந்திருக்க வேண்டும், கை படாத இடம் தேய்ந்திருக்கக் கூடாது. புதுப் பழசு எல்லா இடத்திலும் ஒரே அளவு தேய்ந்திருக்கும். அவ்வளவு நியாயமாக யாரும் உட்காருவதில்லை. பூர்வீகம் மாறாத அசல் சாமான்களைப் பார்த்துக் கண்ணைப் பழக்கிக்கொள்ள நினைப்பவர்கள் திருப்பூணித்துறை ஹில் பேலஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு நடை போய்விட்டு வரலாம். 1986 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் அங்கே கொச்சி ராஜ குடும்பத்தின் மரச்சாமான்கள் இருக்கின்றன.

சட்டத்தின் கூத்து தனி. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எனவே வெள்ளைக்காரர் ஒருவர் நாற்காலி வாங்கி ஊருக்கு அனுப்பச் சொன்னால், அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று வேண்டும். காலையில் இருநூறு வருடப் பழமை என்று விற்ற நாற்காலி மாலையில் நூறு வருடம்கூட ஆகாதது என்று காகிதம் வாங்கப் புறப்படுகிறது. ஈட்டி மரத்துக்கு இன்னொரு காகிதமும் உண்டு. 2017 ஜனவரி முதல் அதன் இனம் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. காட்டில் மரம் அருகிவிட்டது என்பதுதான் காரணம். இன்று அதே தடிமனில், அதே நிறத்தில் ஒரு நாற்காலிக்கு மரம் வேண்டுமென்றால் ஏதாவது ஒரு பழைய வீடு இடிந்தாக வேண்டும்.

தெருவின் முன்பக்கக் கடைகளில் பேரம் நடக்கும்போது பின்பக்கச் சந்துகளில் பட்டறைகள் ஓடுகின்றன. முன்னங்கால் உளுத்த நாற்காலி ஒன்று அங்கே வந்தால், நல்லதாக இருக்கும் மற்றக் காலை மாதிரியாகப் பக்கத்தில் சாய்த்துவைத்துவிட்டு ஆசாரி தரையில் உட்காருகிறார். எங்கோ இடித்த வீட்டிலிருந்து வந்த ஈட்டிக் கட்டை, கட்டையில் பென்சிலால் கோடு, பிறகு உளி. மேலே பருமன், கீழே சிறுத்தல், நெடுக வரிக் குழிவு. படப் புத்தகம் எதுவும் அருகில் இல்லை. துளையில் நாக்கைத் தட்டி இறக்கி, முளை அடித்து, அரக்கில் தோய்த்த துணிப் பொட்டலத்தால் தேய்த்துத் தேய்த்துப் பழைய காலின் நிறத்துக்குக் கொண்டு வருகிறார். கடைசியில் நாற்காலியைச் சமதளமான தரையில் வைத்து ஆட்டிப் பார்க்கிறார். ஆடவில்லை. கடைப் பையன் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போகிறான்.